அறைகள் தாங்கும் கடன் எவ்வளவு?

கேள்வி: காட்பாடி காந்தி நகரில் 9 சென்ட் பூர்வீக மனை இருக்கிறது. 14 அறைகள், கீழே உணவகம், மேல்தளத்தில் 100 பேர் அமரும் விழாக்கூடம் என நவீனமான சிறிய ஹோட்டல் கட்ட 2 கோடி ரூபாய் மதிப்பீடு. கையில் 80 லட்சம். மீதி 1.2 கோடியை 10.5% வட்டியில் 10 ஆண்டுக்குத் தர வங்கி தயார். குடியிருக்கும் வீட்டையும் அடமானம் கேட்கிறது. இறங்கலாமா?

பதில்: இறங்கலாம், ஐயா. ஆனால் இந்த அளவில் வேண்டாம்.

1.2 கோடிக்கு மாதத் தவணை சுமார் 1.62 லட்சம். அறை 2,800 ரூபாய், பாதி அறைகள் நிரம்புகின்றன என்று வைத்தால் மாத வரவு 5.88 லட்சம். சம்பளம், மின்சாரம், சலவை, முன்பதிவுச் செயலிகளின் கமிஷன் எல்லாம் சேர்த்து 3.8 லட்சம் போகட்டும். மிச்சம் 2.08 லட்சம், தவணை கட்டிவிடலாம். ஆனால் 30% அறைகள்தான் நிரம்பின என்றால் வரவு 3.53 லட்சமாகச் சுருங்கும். சம்பளமும் பராமரிப்பும் அப்படியே நிற்பதால் செலவு 3.3 லட்சத்துக்குக் கீழே இறங்காது. மிஞ்சும் சுமார் 23,000 ரூபாயில் தவணை எப்படிக் கட்டுவீர்கள்? திறந்த முதல் ஆண்டில் இப்படிப்பட்ட மாதங்கள் வரத்தான் செய்யும். உங்கள் 80 லட்சமும் கட்டடத்துக்குள் போயிருக்கும். ஆபத்துக்கு எடுக்கக் கையில் எதுவும் இருக்காது.

‘வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வருகிற கூட்டமே போதும்’ என்று பலர் சொல்வார்கள். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் நோயாளிக் குடும்பங்கள் வாரக்கணக்கில் தங்குபவர்கள்; தாங்களே சமைத்துக்கொள்ள அடுப்படியும் குறைந்த வாடகையும் தேடுவார்கள். 2,800 ரூபாய் அறை அவர்களுக்கானது அல்ல. உங்கள் வாடிக்கையாளர்கள் வி.ஐ.டி. பல்கலைக்கழக மாணவர்களின் பெற்றோர், ஸ்ரீபுரம் தங்கக் கோயிலுக்கு வரும் குடும்பங்கள், வேலையாக வருகிற அதிகாரிகள். சேர்க்கை, பட்டமளிப்பு, வார இறுதி என்று அலையலையாகத்தான் வருவார்கள்.

விழாக்கூடத்தை இப்போது விடுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் சுபகாரியம் இல்லை. பெரிய கல்யாணம் மண்டபத்துக்குப் போய்விடும். உங்களுக்கு மிஞ்சுவது நிச்சயதார்த்தம், வளைகாப்பு, பிறந்தநாள். 100 பேர் வந்தால் இருபது காராவது நிற்க வேண்டும். 9 சென்ட்டில் கட்டடம் போக அதற்கு இடம் ஏது? பாட்டுச் சத்தத்தால் அறையில் தூங்குபவர் தரும் மோசமான மதிப்பீடு அடுத்த மாத முன்பதிவையும் கெடுக்கும். பின்னால் ஒரு தளம் ஏற்றும்படி அஸ்திவாரத்தையும் தூண்களையும் மட்டும் இப்போதே போட்டுக்கொள்ளுங்கள்.

உணவகத்தையும் தள்ளிவைத்து, காலை உணவுக்கு மட்டும் சமையலறை வையுங்கள். பிறகு அனுபவமுள்ளவருக்கு, குறைந்தபட்ச மாத வாடகையோடு விற்பனையில் பங்கும் பேசிக் கொடுக்கலாம்.

இவற்றை விட்டால் திட்டம் 1.45 கோடிக்குள் அடங்கும் என்று வையுங்கள். உங்கள் பணம் 65 லட்சம், கடன் 80 லட்சம், தவணை 1.08 லட்சம். மீதி 15 லட்சத்தைத் தொடாமல் வைப்பில் போடுங்கள். 30% நிரம்பும் மாதத்தில் விழும் துண்டு சுமார் 85,000 ரூபாய்தான்; ஏறக்குறைய 17 மாதம் தாக்குப்பிடிக்கலாம்.

மதிப்பீட்டில் இரண்டு செலவுகள் விடுபட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று, கட்டுமானக் கால வட்டி: 80 லட்சமும் கைக்கு வந்துவிட்டால் மாதம் 70,000. மற்றொன்று ஜி.எஸ்.டி. 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு வரி 5% தான், ஆனால் இன்புட் கிரெடிட் கிடையாது. ஏ.சி., கட்டில், மெத்தைக்குக் கட்டிய வரி திரும்பி வராது.

வீட்டு அடமானத்துக்குச் சம்மதிக்காதீர்கள். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு செய்துகொண்டு, அடமானத்துக்குப் பதிலாக வங்கிக்கு உத்தரவாதம் தரும் சி.ஜி.டி.எம்.எஸ்.இ. திட்டத்தின் கீழ் கடன் தர முடியுமா என்று வங்கியில் எழுத்துபூர்வமாகக் கேளுங்கள். ஆண்டுக் கட்டணம் உண்டு. ஆனாலும் வீடு தப்பும்.