அப்பத்தா வாயால் கேட்ட ராமாயணம்

வாசகர் கேள்வி – பதில்

போன மாதம் இந்தப் பகுதியில் பழைய டிவி நிகழ்ச்சிகளைப் பற்றி நான்கு வரி எழுதினேன். அதற்குக் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் என்று நம் பக்கத்திலிருந்தும், ஊரைவிட்டுப் பிழைக்கப் போனவர்களிடமிருந்தும் இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றுக்கும் இங்கே இடமில்லை, ஐந்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: தேவகோட்டையில் பிறந்தவள் நான். கல்யாணமாகி மும்பை வந்து இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை ராமாயணம் என்றால் உயிர். ஒரு வார்த்தை இந்தி தெரியாது, ஆனாலும் அசையாமல் உட்கார்ந்து பார்ப்போம். ஊரடங்கு சமயத்தில் மறுபடி போட்டபோது ஆசையாக உட்கார்ந்தேன். இப்போது ஒரு வசனம் விடாமல் புரிகிறது, ஆனால் பத்து நிமிஷத்துக்கு மேல் மனம் ஒட்டவில்லை. அதே சமயம் ஆரம்ப இசை கேட்டதும் அழுகை வந்துவிட்டது. ஏன் இப்படி? (மும்பை வாசகி)

பதில்: ஆச்சி, வசனம் புரிந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதே அனுபவம் எனக்கும் உண்டு.

ராமானந்த் சாகரின் ராமாயணம் 1987 ஜனவரி 25-ல் தொடங்கி 1988 ஜூலை 31 வரை தூர்தர்ஷனில் ஞாயிறு காலையில் வந்தது. எங்கள் தெருவில் முதல் டிவி வந்தபோது பாதிக் கதை ஓடிவிட்டது. ராமர் காட்டுக்குப் போய்விட்டார், எதற்குப் போனார் என்று படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை, பேசுவதோ இந்தி. அப்போது எங்கள் அப்பத்தாதான் வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) தூணோரமாக உட்கார்ந்து, தசரதன் யாகம் செய்ததிலிருந்து முன்கதை முழுக்க இரண்டு ராத்திரியில் சொல்லி முடித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து டிவிக்கு எதிரே உட்கார்ந்தும் சொல்ல ஆரம்பித்துவிட்டார். திரையில் ஆள் வாயசைக்கும்போதே பக்கத்தில் அப்பத்தா குரல் வரும், "இப்ப பரதன் கேக்குறான் பாரு, ஆத்தா செஞ்ச பாவத்துக்கு நான் எப்படிப் பொறுப்புன்னு". அவருக்கும் இந்தி தெரியாதுதான். ஆனால் கதை தெரியும். எங்கள் வீட்டில் புரட்டாசி மாதம் ராமாயணம் படிப்பார்கள், சிறுவயதிலிருந்து அதைக் கேட்டு வளர்ந்தவர் அவர். காரைக்குடியில் சா.கணேசன் 1939-ல் கம்பன் கழகம் தொடங்கிய காலத்திலிருந்து விழாவுக்குப் போய் வந்த குடும்பம். கம்பன் சமாதி இருக்கிற நாட்டரசன்கோட்டையும் பக்கத்தில்தான். அதனால் அந்தத் தொடரில் எங்கெங்கே கம்பனிலிருந்து விலகுகிறது என்றுகூட அவருக்குப் பட்டுவிடும். சீதையைத் தூக்கிப் போகிற கட்டத்தில் பொறுக்க முடியாமல், "நம்ம கம்பன் அப்படிப் பாடலையே, அவ மேல கை படாம குடிசையோட நிலத்தைப் பேத்து எடுத்துட்டுப் போனான்னுல்ல பாடியிருக்கான்" என்று சத்தமாகவே சொன்னார். வீட்டில் இருந்த முப்பது பேரும் திரையை விட்டுவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தோம்.

நடுவில் படம் நின்று "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்று எழுத்து வருமே, நினைவிருக்கிறதா? மற்ற வீடுகளில் அப்போது சலிப்பாக இருந்திருக்கும். எங்கள் வீட்டில் கதை நிற்காது, அப்பத்தா தொடர்ந்து சொல்லிக்கொண்டே போவார், படம் திரும்ப வரும்போது அவர் சொன்ன இடத்துக்குப் பின்னால்தான் வந்து சேரும்.

அதனால்தான் சொல்கிறேன். நீங்கள் அன்றைக்குக் கேட்டது அந்த நடிகர்கள் பேசியதை இல்லை, உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்லியிருப்பார்கள். அப்பத்தாவோ, ஆயாவோ, கொஞ்சம் இந்தி படித்த அம்மானோ. 2020 மார்ச் 28-ல் தூர்தர்ஷன் மறுபடி ஒளிபரப்பத் தொடங்கியபோது படம் அப்படியே திரும்பி வந்தது, அந்தக் குரல் மட்டும் வரவில்லை. வசனம் புரியப் புரிய அந்தக் குரல் இருந்த இடத்தை வசனம் எடுத்துக்கொண்டுவிட்டது. ஆரம்ப இசைக்கு மட்டும் ஏன் அழுகை வந்தது என்றால், அன்றைக்கு அந்த இசை கேட்டால்தான் எல்லோரும் கைவேலையை விட்டுவிட்டு ஓடி வருவார்கள். அடுப்படியிலிருந்து ஆத்தா முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வருவார், யாரோ டிவிக்கு முன்னால் சூடம் கொளுத்துவார்கள், நாங்கள் ஆத்தங்குடிக் கல் தரையில் இடம் பிடிப்போம். இசை வந்தது, ஓடி வர யாரும் இல்லை. அதுதான் ஆச்சி.

ஒன்று செய்து பாருங்கள். உங்களோடு அன்றைக்கு உட்கார்ந்து பார்த்தவர்களில் ஒருவராவது இன்று ஊரில் இருப்பார். போன் போட்டு, தொடரைப் பற்றிக் கேட்காமல், அந்த வீட்டில் யார் எந்த இடத்தில் உட்காருவார்கள் என்று கேளுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஆன்டெனாவை எப்போதும் மேற்கே கொடைக்கானல் பக்கம் திருப்பித்தான் வைப்போம். சென்னை நிலையம் என்று சொல்லிவிட்டு ஏன் கொடைக்கானல்? கோடைக்கால ராத்திரிகளில் திடீரென்று இலங்கை ரூபவாஹினி தெரியுமே, அது எப்படி? (கானாடுகாத்தான் வாசகர்)

பதில்: நிகழ்ச்சி சென்னையில் தயாராகும், 1975-ல் ஆரம்பித்த நிலையம் அது. ஆனால் அந்த அலைவரிசை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும், பூமியின் வளைவைத் தாண்டி ரொம்ப தூரம் வராது. சென்னை நமக்கு நேர்கோட்டில் 350 கிலோமீட்டருக்கு மேல், அங்கிருக்கும் கோபுரம் நம் பக்கம் எட்டவே எட்டாது. கொடைக்கானல் மலை கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அவ்வளவு உயரத்தில் கோபுரம் வைத்தால் 180 கிலோமீட்டர் தூரத்து அடிவானம் வரை எட்டும், நாம் இருப்பது 140 கிலோமீட்டர் வாக்கில். அதனால்தான் நீளமான ஜி.ஐ. பைப்பை ஓட்டுக்கு மேலே தூக்கிக் கட்டி மேற்கே திருப்பினால் படம் வந்தது.

ரூபவாஹினி கதை இன்னும் அழகு. அவர்களுடைய கோபுரம் இலங்கையின் உயரமான மலையான பிதுருதலாகலையில் இருக்கிறது, நமக்கு 400 கிலோமீட்டர் வாக்கில். சாதாரணமாக அது நமக்கு எட்டக் கூடாது. ஆனால் வெயில் காலத்தில் கடலுக்கு மேலே ஈரமான குளிர்ந்த காற்று கீழேயும் சூடான காற்று மேலேயும் அடுக்காக நிற்கும்போது, அலை அந்த இரண்டுக்கும் நடுவே குழாய்க்குள் போகிற மாதிரி வளைந்து வெகுதூரம் வந்துவிடும். காற்று கலைந்தால் படமும் போய்விடும். சிங்களம் புரியாமலேயே மொட்டை மாடியில் நின்று பார்த்தோமே, அது நமக்குக் கடல் அனுப்பி வைத்த படம்.

கேள்வி: சன் டிவியில் வந்த 'மர்மதேசம்' விடாது கருப்பு பார்த்த பிறகு கருப்பர் கோயில் பக்கம் போகவே பயமாக இருக்கும். இப்போது என் மகளுக்குப் போட்டுக் காட்டலாமா? (திருப்பத்தூர் வாசகர்)

பதில்: பத்து வயது தாண்டியிருந்தால் காட்டுங்கள், ஆனால் தனியாக விட்டுவிட்டுப் போகாதீர்கள். இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய அந்தத் தொடர் இன்றைக்கும் பிடித்து உட்கார வைக்கும். முதலில் ஊருக்குக் கூட்டி வந்து நம் கருப்பர் கோயிலில் கும்பிட வைத்து, குதிரை வாகனத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். காவல் தெய்வம் என்று தெரிந்த பிறகு தொடரைப் பார்த்தால் பயத்தோடு கொஞ்சம் பாசமும் இருக்கும்.

கேள்வி: பூட்டிக் கிடக்கும் எங்கள் வீட்டைச் சுத்தம் செய்தபோது, இழுப்புக் கதவு வைத்த கறுப்பு வெள்ளை டிவி ஒன்று இரண்டாம் கட்டில் கிடைத்தது. பங்காளிகள் எடைக்குப் போடச் சொல்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. (பள்ளத்தூர் வாசகி)

பதில்: போடாதீர்கள். இடம் இல்லை என்று சொல்ல முடியாத அளவுக்கு அறைகள் இருக்கிற வீடுகள் நம்முடையவை. ஆனால் இரண்டு விஷயம் கவனமாக இருக்க வேண்டும். ஒன்று, பின்பக்க மூடியை நீங்களாகத் திறக்காதீர்கள், பிள்ளைகளையும் திறக்க விடாதீர்கள். அந்தப் படக்குழாய் ஓடும்போது 10,000 வோல்ட்டுக்கு மேல் ஏறும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். இத்தனை வருஷம் கழித்து ஓடுகிறதா பார்க்கலாம் என்று நேராக பிளக்கில் சொருகவும் வேண்டாம், பழைய டிவி வேலை தெரிந்தவரை வைத்துப் பாருங்கள். இரண்டாவது, படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. எடைக்கு எடுக்கிறவர்கள் செம்புக் கம்பிக்காக அதை உடைத்துவிட்டு மீதியைக் கண்மாய்க் கரையில் கொட்டுவார்கள். எங்கள் வீட்டு டிவிக்கு அதுதான் நடந்தது. நான் வெளியூரில் இருந்தபோது ஒரு வியாபாரி வந்து நூற்றைம்பது ரூபாய்க்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார், அப்பச்சி முதல் மாதச் சம்பளத்தை மாதிரி எண்ணி எண்ணிச் சேர்த்து வாங்கிய பெட்டி அது, இன்றைக்கும் நினைத்தால் வலிக்கிறது.

கட்டாயம் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளில் முழுசாகக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் மங்குச் சாமானையும் மரத்தூணையும் போலவே இதையும் உடைக்காமல் விற்பார்கள்.

கேள்வி: அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. மறதி நோய் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். என்னைச் சில நாள் அவருடைய தம்பி பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். பழைய நிகழ்ச்சிகளைப் போட்டுக் காட்டினால் நினைவு திரும்பும் என்று ஒருவர் சொன்னார். 'ஒளியும் ஒலியும்' பாட்டெல்லாம் தேடிப் போட்டேன், அம்மா பேசாமல் இருக்கிறார். (காரைக்குடி வாசகர்)

பதில்: தம்பி, நினைவு திரும்பும் என்ற நம்பிக்கையை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டாம், நோயை அது மாற்றாது. மருந்து, டாக்டர் சொல்கிறபடி நடக்கட்டும். ஆனால் பழைய பாட்டும் படமும் கொஞ்ச நேரம் அவரை அமைதியாக, சந்தோஷமாக வைத்திருக்கும். அதற்காகவே செய்யலாம்.

நீங்கள் போட்டது ஏன் எடுபடவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' உங்கள் சிறுவயது, அம்மாவுடையது இல்லை. பொதுவாக மனிதர்களுக்குப் பத்து வயதிலிருந்து முப்பது வயது வரை நடந்தவைதான் கடைசிவரை பலமாக நிற்கும் என்கிறார்கள். அம்மாவுக்கு அந்த வயது நடந்தது 1950-களின் கடைசியிலிருந்து எழுபதுகள் வரை. அப்போது நம் ஊரில் டிவியே இல்லை, வீட்டில் இருந்தது ரேடியோ. இலங்கை வானொலியில் தமிழ்ப் பாட்டுக் கேட்டபடி வேலை செய்த பெண்கள் அவர்கள். அந்தக் காலத்துப் பாட்டைப் போடுங்கள், படம் வேண்டாம், சத்தம் மட்டும். டிவியில்தான் ஏதாவது வேண்டும் என்றால் 2002-லிருந்து 2005 வரை வந்த 'மெட்டி ஒலி' மாதிரி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். ஐந்து பெண்களைக் கட்டிக்கொடுத்த அப்பாவின் கதை. உங்களுக்கு அக்கா தங்கை இருந்து, அம்மா அவர்களோடு உட்கார்ந்து அதைத் தினமும் பார்த்தவராக இருந்தால், அவர்களையும் கூட வரவழைத்து உட்கார வையுங்கள். தனியாகப் போட்டுக் காட்டுவதில் பெரிய பலன் இருக்காது.

கால் மணி நேரம் போதும். "இது யார் தெரியுதா, இது என்ன பாட்டு சொல்லுங்க" என்று சோதிக்காதீர்கள், தெரியவில்லை என்றால் அவர் கூசிப்போவார். முகம் வாடினால் உடனே நிறுத்திவிடுங்கள். தம்பி பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திருத்த வேண்டாம், "என்னக்கா" என்று கேட்டுவிட்டுப் போங்கள். அவர் தம்பியிடம் சொல்ல நினைத்தது என்ன என்பது அப்போதுதான் உங்களுக்குத் தெரியும்.

அப்புறம் இன்னொன்று. அம்மா ஓலைக் கூடை, அதாவது கொட்டான் முடைந்தவரா? முடைந்தவர் என்றால், பாட்டு ஓடும்போது சாயம் ஏற்றிய பனையோலை நான்கை மடியில் வைத்துவிட்டு, நீங்களும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தப்பும் தவறுமாக ஆரம்பியுங்கள். நீங்கள் ஓலையைத் தப்பாக மடக்கினால் வாங்கிச் சரி செய்வார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. என்ன நடந்தது என்று அடுத்த மாதம் எழுதுங்கள் தம்பி, காத்திருப்பேன்.