பவர் அண்ணன் கையில், தோட்டம் அம்மா பெயரில்

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் எங்கள் ஊர். அப்பா இல்லை. 81 வயது அம்மா என்னோடு இருக்கிறார், இப்போது கொஞ்சம் மறதி. அவர் பெயரிலுள்ள ரப்பர் தோட்டத்துக்கு நாகர்கோவிலில் இருக்கும் அண்ணன் பொது பவர் (அம்மா சார்பில் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம்) எழுதி வாங்கி, விற்கவும் பேசுகிறார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேஸ் போடலாமா?

பதில்: கேஸ் இருக்கட்டும். உங்கள் கடிதத்தில் அண்ணன் இருக்கிறார், நீங்கள் இருக்கிறீர்கள், அம்மா என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லையே! ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்கு ஆள் கிடைக்காமல், மருந்துச் செலவை நினைத்து அவரே விற்கச் சொல்லியிருக்கலாம். அண்ணன் இல்லாத நேரத்தில், நீங்களும் சற்று விலகி நின்று, அம்மா நம்பும் ஒருவரை விட்டுக் கேளுங்கள்.

பவர் கொடுத்ததால் தோட்டம் அண்ணனுடையது ஆகிவிடவில்லை. பவரால் மட்டும் சொத்து கைமாறாது என்று 2011-ல் சூரஜ் லேம்ப் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் பத்திரத்தில் விற்கும் அதிகாரம் எழுதியிருந்தால் அம்மா சார்பில் அவர் கிரையம் எழுதிக் கொடுப்பது செல்லும், அதனால் நகலைப் படியுங்கள். எழுதிக் கொடுத்தவர் அம்மாதானே, அவர் மனு கொடுத்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் கிடைக்கும்.

விற்பதில் அம்மாவுக்கு இஷ்டமில்லை என்றால் ரத்துப் பத்திரம் பதிவு செய்யலாம். அவரால் நடக்க முடியாவிட்டால் பதிவு அதிகாரி வீட்டுக்கே வருவதற்குச் சட்டத்தில் வழி உண்டு. கையோடு அண்ணனுக்கும், வாங்க வருகிறவருக்கும் வக்கீல் நோட்டீஸ் போக வேண்டும். ரத்தானது தெரியாமல் ஒருவர் நம்பி வாங்கிவிட்டால் அப்புறம் பெரிய வில்லங்கம். அண்ணன் இந்தப் பவருக்காக அம்மாவுக்குப் பணம் ஏதும் கொடுத்திருந்தால் ரத்து செய்வது அவ்வளவு சுலபமில்லை, அதை வக்கீலிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

எனக்குக் கவலை அந்த மறதிதான். கொடுத்தவருக்குப் புத்தி தெளிவு போய்விட்டால், நம் நாட்டுச் சட்டப்படி பவரும் அத்தோடு முடிந்தது, ஆனால் ரத்து செய்யவோ புதிதாக எழுதவோ அம்மாவாலும் முடியாது. பிறகு பாதுகாவலரை நியமிக்கச் சொல்லி மதுரை உயர் நீதிமன்றக் கிளை வரை அலைய வேண்டியிருக்கும். எந்தக் கையெழுத்துக்கும் முன்னால் நரம்பியல் அல்லது மனநல மருத்துவரிடம் காட்டி, அம்மாவுக்கு விஷயம் புரிகிறது என்று சான்று வாங்கிவிடுங்கள். இதை அண்ணனையும் கூட்டிக்கொண்டு போய்ச் செய்தால் நாளைக்கு அவர் குறை சொல்ல முடியாது.

சரி, அம்மா விற்கத்தான் சொல்கிறார் என்றால்? பணம் முழுவதும் அவர் வங்கிக் கணக்குக்கே வர வேண்டும். பவர் ஏஜென்ட் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர், அண்ணன் என்பதால் அதில் சலுகை கிடையாது. உங்கள் பங்கு பற்றிய பேச்சை மட்டும் இப்போது எடுக்காதீர்கள்.