ஃபர்ஸ்ட் எய்ட் பாக்ஸுக்கு எந்த ட்வீசர் வாங்கறது?

கேள்வி: ஆன்லைன்ல ஒரு ஃபர்ஸ்ட் எய்ட் பாக்ஸ் வாங்கினேன், உள்ள வெள்ளையா ஒரு பிளாஸ்டிக் ட்வீசர் இருந்துச்சு. போன வாரம் பையன் கையில பழைய பெஞ்சுலேர்ந்து சிலாம்பு ஏறிடுச்சு, இத வச்சு எடுக்கப் போனா முனைதான் வளையுது, சிலாம்பு அசையவே இல்ல. கடைசில ஊக்க வச்சு நோண்டி, புள்ள ஒரே அழுகை. தனியா வாங்கலாம்னு தேடினா புருவம் எடுக்கற ட்வீசர்தான் நிறைய வருது, அது போதுமா? காந்தம் ஒட்டுனா மட்டமான ஸ்டீல்னு சொல்றாங்களே, நிஜமா?

பதில்: அந்த பிளாஸ்டிக் ட்வீசர் பஞ்சு, காஸ் துணி எடுத்து புண்ணு மேல வைக்கறதுக்குத்தாங்க, சிலாம்புக்கு ஆகாது. கிட் விக்கறவங்க பெரும்பாலும் அத சொல்றதே இல்ல, அது எனக்கு ரொம்ப வருத்தம்.

புருவ ட்வீசர் முனை சாய்வா அகலமா இருக்கும், வெளிய நீட்டிட்டு இருக்கற சிலாம்புக்கு ஓகே, தோலுக்குள்ள போன கருவேல முள்ளுக்கு பத்தாது. சர்ஜிக்கல் ஷாப்ல ஸ்ப்ளின்டர் ஃபோர்செப்ஸ்னு கேளுங்க, ஊசி மாதிரி முனை. நம்ம ஊர்ல தாத்தா பாட்டிங்க வச்சிருந்த முள்வாங்கியும் இந்த வேலைக்குத்தான்.

காந்தம் பத்தி, சமையல் பாத்திரத்துல வர்ற 304 ஸ்டீல்ல காந்தம் சரியா ஒட்டாது, ஆனா நல்ல ட்வீசர் நிறைய 420 மாதிரி கெட்டிப்படுத்தற ஸ்டீல்ல செய்றாங்க, அதுல காந்தம் நல்லாவே ஒட்டும், அதனால அத வச்சு ஒதுக்காதீங்க. முனையத்தான் பாக்கணும். முனைய மூடி வெளிச்சத்துக்கு நேரா பிடிங்க, நுனியில இடைவெளி தெரிஞ்சா வேண்டாம். கொஞ்சம் அழுத்திப் பாருங்க, நுனி ஒண்ணு மேல ஒண்ணு ஏறிடுச்சுன்னாலோ விரிஞ்சுதுன்னாலோ வேண்டாம். கை முடி ஒத்தைய பிடிச்சு இழுத்தா வழுக்காம வரணும், இதுல பாஸ் ஆனா போதும், பிராண்ட் எதுவா இருந்தாலும் பரவால்ல.

ஊக்கு வச்சது முழுசா தப்பில்ல, சுத்தமான ஊசியால மேல் தோல லேசா விலக்கி, அப்பறம் ட்வீசரால அது எந்தப் பக்கமா ஏறுச்சோ அதே சாய்வுல மெதுவா இழுக்கணும். அமுக்கிப் பிதுக்காதீங்க, உடைஞ்சு உள்ளயே தங்கிடும். மரச் சிலாம்புன்னா தண்ணில ஊற வைக்காதீங்க, ஊறி உப்பிடும். கையையும் ட்வீசரையும் முன்னாடியே சோப்பு போட்டு கழுவி, முனைய ஸ்பிரிட்ல துடைச்சு காய விடுங்க, தீக்குச்சில காட்டினா கரி படியும். மண்ணு பட்ட காயம்னா கடைசியா டிடி ஊசி (டெட்டனஸ் தடுப்பூசி) போட்டு 5 வருஷம் தாண்டிடுச்சான்னு பாத்துக்கோங்க.

சின்ன பசங்க இருக்கற வீடுன்றதால இன்னொண்ணு. மூக்குலயோ காதுலயோ கொண்டைக்கடலை, மணி எதாவது போட்டுக்கிட்டா தயவுசெஞ்சு இந்த ட்வீசர எடுக்காதீங்க, உருண்டையா இருக்கறது வழுக்கி இன்னும் உள்ள போயிடும், நேரா டாக்டர்கிட்ட போங்க. கண்ணுல எதாவது குத்தியிருந்தாலும், கண்ணாடி ஆழமா இறங்கியிருந்தாலும் அப்படித்தான்.

முனைக்கு ஒரு உறை போட்டு வைங்க, ஸ்ட்ராவ வெட்டி மாட்டினாகூட போதும். முக்கியமா புருவத்துக்கு இத எடுக்காதீங்க, அப்பறம் வேணும்னப்போ பாக்ஸ்ல இருக்காது.