மகள் எஸ்.ஐ. ஆக வேண்டும் என்கிறாள்: பயப்படும் ஒரு அம்மாவுக்கு

வணக்கம் அம்மா.

போன சனிக்கிழமை மகளை வெளியே உட்கார வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு நீங்கள் கேட்டது மனசிலேயே நிற்கிறது. "பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்ச பொண்ணு சார். ஐ.டி. வேலைக்குப் போகாம போலீஸுக்குப் போறேங்கிறா. நீங்க சொன்னா கேப்பா, மனசை மாத்துங்க" என்றீர்கள். அன்று அடுத்த ஆள் காத்திருந்ததால் நிதானமாகப் பேச முடியவில்லை. அதனால் எழுதி அனுப்புகிறேன். மகளும் படிக்கட்டும்.

அவள் மனசை நான் மாற்றப்போவதில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் பயப்படுகிற விஷயங்கள் வேறு, அந்த வேலையில் உண்மையிலேயே கஷ்டமான விஷயங்கள் வேறு. ரவுடி, ராத்திரி டூட்டி, கல்யாணம் என்று மூன்றைச் சொன்னீர்கள். என்னிடம் ஆலோசனை கேட்டுப் போய், சீருடை போட்டுத் திரும்பி வந்து பேசுகிற பிள்ளைகள் சொல்லும் கஷ்டங்களில் ரவுடி கடைசியில்தான் வருவான். முதலில் வருவது எழுத்து வேலை, சட்டம், செல்போன், கோர்ட்.

2024 ஜூலை 1 முதல் நாட்டின் குற்றவியல் சட்டங்கள் மூன்றும் மாறிவிட்டன. 1860-லிருந்து இருந்த இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. நடைமுறைச் சட்டமும் சாட்சியச் சட்டமும் அதே நாளில் மாறின. இருபது வருஷம் சர்வீஸ் போட்டவர்களே பிரிவு எண்களைப் புதிதாக மனப்பாடம் செய்கிறார்கள். எண் மாறியதாவது பழகிவிடும். வேலை செய்கிற விதமே மாறியிருக்கிறது. இப்போது ஒரு வீட்டில் சோதனை போட்டால் முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும், அதைத் தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். ஏழு வருஷமோ அதற்கு மேலோ தண்டனை வரக்கூடிய குற்றம் என்றால் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்தாக வேண்டும். இதை நடைமுறைக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு ஐந்து வருஷ அவகாசம் இருக்கிறது. புகார் கொடுத்தவருக்கு, விசாரணை எதுவரை வந்திருக்கிறது என்று 90 நாளுக்குள் சொல்ல வேண்டும்.

என்னிடம் வந்துபோன ஒரு பெண் இப்போது தென் மாவட்டம் ஒன்றில் எஸ்.ஐ. நகைத் திருட்டு வழக்கில் ஒரு வீட்டைச் சோதனை போட்டதைப் பற்றிச் சொன்னாள். ஒரு காவலர் போனைப் பிடித்துக்கொண்டு பீரோவைப் படம் எடுக்கிறார். ஏட்டையா தரையில் உட்கார்ந்து மகஜர், அதாவது எங்கே எதைக் கைப்பற்றினோம் என்ற பதிவை, எழுதுகிறார். சாட்சிக்கு வந்த இரண்டு பேர் வாசலில் நிற்கிறார்கள். பாதியில் அந்த போனுக்கே ஓர் அழைப்பு வந்து பதிவு நின்றுவிட்டது. திரும்பத் தொடங்குவதற்குள் இரண்டு நிமிஷம் போய்விட்டது. "நாங்க நகையைக் கைப்பற்றினது அந்த ரெண்டு நிமிஷத்துக்குள்ள சார். நாளைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் கேப்பாங்க" என்றாள். அன்றிலிருந்து சோதனைக்குக் கிளம்பும்போது போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, சார்ஜையும் பார்த்துவிட்டுத்தான் படியேறுகிறாளாம். இன்றைய எஸ்.ஐ. வேலை எப்படி இருக்கும் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

உங்கள் மகளின் படிப்பு வீணாகும் என்று நினைக்காதீர்கள். இன்று ஸ்டேஷனுக்கு வருகிற புகார்களில் பணமோசடி வந்துகொண்டே இருக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கையில் போனோடு வருவார். வீடியோ காலில் யாரோ சிபிஐ அதிகாரி மாதிரி உட்கார்ந்து, "உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம்" என்று மிரட்டி, பிஎஃப் பணத்தை மாற்றச் சொல்லியிருப்பான். அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் கிடையாது. ஆனால் பணம் போய்விட்டது. உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அடித்தால் பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. தாமதித்தால் அது நாலைந்து கணக்குக்குப் பிரிந்து வேறு மாநிலத்தில் ஏடிஎம்மில் எடுக்கப்பட்டிருக்கும். கணக்கு யாருடையது என்று தேடிப்போனால் கமிஷனுக்காக ஏடிஎம் கார்டை வாடகைக்கு விட்ட காலேஜ் பையன் அகப்படுவான். உண்மையான ஆள் நாட்டிலேயே இல்லாமல் இருக்கலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி இப்படிப்பட்ட குற்றங்களை இன்ஸ்பெக்டருக்குக் குறையாத அதிகாரிதான் புலனாய்வு செய்ய வேண்டும். ஆனால் வங்கிக்குக் கடிதம் எழுதி, ஐ.பி. முகவரி வாங்கி, அழுதுகொண்டிருக்கும் ஆசிரியரிடம் ஸ்கிரீன்ஷாட்டை ஒழுங்காக வாங்கிவைக்க, கம்ப்யூட்டர் தெரிந்த எஸ்.ஐ. இல்லாமல் எதுவும் நகராது.

பெண் என்பதால் பயப்படுகிறீர்கள். நான் அதை நேர்மாறாகப் பார்க்கிறேன். தமிழ்நாடு போலீஸில் பெண்கள் வந்தது 1973-ல், ஒரு எஸ்.ஐ. தலைமையில் சுமார் இருபது பேர். 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்தார்கள். இன்று பெண் எஸ்.ஐ. இல்லாமல் சட்டமே நடக்காத இடங்கள் இருக்கின்றன. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 24-வது பிரிவை மகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். பாதிக்கப்பட்ட குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ, அது விரும்பும் இடத்திலோ பதிவு செய்ய வேண்டும். முடிந்தவரை எஸ்.ஐ. பதவிக்குக் குறையாத பெண் அதிகாரி பதிவு செய்ய வேண்டும். அப்போது அவர் சீருடையில் இருக்கக்கூடாது. உங்கள் மகள் அந்தக் காக்கிச் சட்டைக்காகத்தான் ஆசைப்படுகிறாள், தெரியும். அந்த வேலையிலேயே மிக முக்கியமான அரை மணி நேரத்தில் அவள் சுடிதார் போட்டுக்கொண்டு, ஏதோ ஒரு வீட்டுத் திண்ணையில், எட்டு வயசுக் குழந்தை வாய் திறக்கும்வரை அவசரப்படுத்தாமல் உட்கார்ந்திருப்பாள். அந்தப் பொறுமை அவளிடம் இருக்கிறதா என்று என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும்.

இனி, எனக்கே பயமாக இருக்கிற விஷயத்துக்கு வருகிறேன்.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலுக்குப் பிறகு இறந்தார்கள். 2025 ஜூனில் திருப்புவனத்தில், கோயில் காவலாளியான ஓர் இளைஞர் விசாரணையில் இறந்தார். இரண்டு வழக்கும் சிபிஐக்குப் போயின, இரண்டிலும் போலீஸார் கைதானார்கள். சாத்தான்குளம் வழக்கில் எஸ்.ஐ.க்களும் இருந்தார்கள். அவர்களும் ஒருகாலத்தில் விடிகாலையில் கிரவுண்டில் ஓடி, பரீட்சை எழுதி, தேர்வுப் பட்டியலில் தங்கள் நம்பரைத் தேடியவர்கள்தானே? மேலிருந்து "இன்னைக்குள்ள முடி" என்று அழுத்தம் வரும். பக்கத்தில் இருப்பவர்கள் லத்தியை எடுப்பார்கள். அந்த நேரத்தில் புதிதாக வந்த எஸ்.ஐ. என்ன செய்வார் என்பதுதான் இந்த வேலையின் உண்மையான பரீட்சை. கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது. எல்லா ஸ்டேஷனிலும் ஒலியோடு பதிவாகும் சிசிடிவி வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் கேமரா இல்லாத மூலையிலும் கை ஓங்காமல் இருக்கிற மனசு வேண்டும், அம்மா.

இன்னொன்றையும் மகளிடம் சொல்லுங்கள். அதே சாத்தான்குளம் ஸ்டேஷனில் அன்று ராத்திரி டூட்டியில் இருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர், தான் பார்த்ததை மாஜிஸ்திரேட்டிடம் பயத்தோடுதான் சொன்னார். ஆனாலும் சொன்னார். அந்த வழக்குக்கு அவருடைய சாட்சி எவ்வளவு பெரிய பலம் என்று வழக்கைக் கவனித்த எல்லோருக்கும் தெரியும்.

நேரக் கணக்கும் இருக்கிறது. போலீஸார் சராசரியாக நாளுக்கு 14 மணி நேரம் வேலை பார்ப்பதாக 2019-ல் நாடு தழுவிய ஓர் ஆய்வு சொன்னது. தமிழ்நாட்டில் காவலர்களுக்கு வார விடுப்பு என்று 2021-ல் உத்தரவு வந்தது. திருவிழா, தேர்தல், தலைவர்கள் வருகை என்று பந்தோபஸ்து வந்தால் அது தள்ளிப்போய்விடும் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். பெண்களுக்குக் காலை ரோல் கால், அதாவது ஆஜர் கூப்பிடும் நேரம், 7 மணி என்பதை 2023-ல் 8 மணி ஆக்கினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு மணி நேரம்தானே என்று தோன்றும். பிள்ளைக்கு டிபன் கட்டிவிட்டுக் கிளம்புகிற தாய்க்கு அது எவ்வளவு பெரிசு என்று நீங்கள் அறிவீர்கள். கல்யாணப் பேச்சு வந்தால் இந்த நேரக் கணக்கை மாப்பிள்ளை வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதற்குமேல் அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை.

சரி, தேர்வுக்கு வருவோம். எஸ்.ஐ. தேர்வை நடத்துவது தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம். ஏதாவது ஒரு பட்டம் போதும். பொதுப் பிரிவுக்கு 30 வயது வரை எழுதலாம், மற்றப் பிரிவுகளுக்குத் தளர்வு உண்டு. தமிழ்த் தகுதித் தேர்வில் தேறினால்தான் முதன்மைத் தாளையே திருத்துவார்கள். முதன்மைத் தேர்வுக்கு 70, உடல்திறனுக்கு 15, நேர்முகத்துக்கு 10, என்சிசி, என்எஸ்எஸ், விளையாட்டுச் சான்றிதழ்களுக்கு 5 மதிப்பெண். பெண்களுக்கு உயரம் 159 செ.மீ., எஸ்.சி., எஸ்.டி. என்றால் 157. கோச்சிங்குக்குப் பணம் கட்டும் முன் வீட்டுச் சுவரில் நிறுத்தி உயரத்தை அளந்துவிடுங்கள். அரை சென்டிமீட்டர் குறைந்ததால் இரண்டு வருஷப் படிப்பு வீணாகிப் போன பெண்ணை எனக்குத் தெரியும். 400 மீட்டரை இரண்டரை நிமிஷத்தில் ஓட வேண்டும். இதை எழுத்துத் தேர்வு முடிந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது, நாளைக் காலையிலேயே ஓட்டம் தொடங்கட்டும். தேர்வானால் வண்டலூர் பக்கம் ஊனமாஞ்சேரி போலீஸ் அகாடமியில் ஒரு வருஷம் பயிற்சி இருக்கும்.

அப்புறம், "உள்ளே ஆள் இருக்கு, இத்தனை லட்சம் கொடுத்தால் முடித்துத் தருகிறேன்" என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். நிலத்தை அடமானம் வைத்து ஏமாந்த அப்பாக்கள் என் முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். இன்னொரு எச்சரிக்கை: வேலைக்கு முன் முன்னடத்தை விசாரணை உண்டு. கிரிமினல் வழக்கில் பெயர் சேர்ந்து, சந்தேகத்தின் பலனில் விடுதலை ஆகியிருந்தாலும் இந்தத் துறையில் அதை வழக்கில் சம்பந்தப்பட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். மறைத்தால் அதுவே தகுதி இழக்கக் காரணமாகிவிடும். கூட்டத்தோடு கூட்டமாகப் போய் எஃப்ஐஆரில் சேர்ந்துவிடாமல் இந்த ஒன்றிரண்டு வருஷம் கவனமாக இருக்கச் சொல்லுங்கள்.

மாற்று வழியும் கையில் இருக்கட்டும். இரண்டு முறை எழுதியும் வரவில்லை என்றால் அதோடு முடிந்துவிடாது. அறிவியல் பட்டதாரிகளுக்குக் கைரேகைப் பிரிவு எஸ்.ஐ. தேர்வு தனியாக வரும். அவள் பட்டம் அதில் சேருமா என்று அறிவிக்கையில் பார்த்துக்கொள்ள வேண்டும். குரூப் 1 எழுதினால் நேரடியாக டிஎஸ்பி ஆகலாம். தெருவைவிட ஆய்வகம்தான் பிடிக்கிறது என்று அவளுக்கே தோன்றினால் காந்திநகரில் உள்ள தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகத்தில் சைபர் தடயவியல் படிக்கலாம். புதுச் சட்டம் வந்தபிறகு அந்தப் படிப்புக்கு ஆள் தேவை கூடிக்கொண்டுதான் போகும்.

என் கருத்து, அவள் எழுதட்டும். ஆனால் அதற்கு முன் ஒரு வேலை கொடுக்கிறேன். ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுங்கள். தினமும் தெருவிலோ பஸ்ஸிலோ கண்ட ஒரு சண்டையை, ஒரு விபத்தை, ஒரே பக்கத்தில் எழுதட்டும். யார், எங்கே, எத்தனை மணிக்கு, யார் என்ன சொன்னார், தன் கண்ணால் பார்த்தது எது, பிறர் சொல்லிக் கேட்டது எது. யார் பக்கம் நியாயம் என்று ஒரு வார்த்தைகூட வரக்கூடாது. முப்பது நாள் ஆனதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த நோட்டோடு இரண்டு பேரும் வாருங்கள். இந்த முறை கதவைச் சாத்த வேண்டாம். மூன்று பேரும் சேர்ந்தே உட்கார்ந்து படிப்போம்.