தோற்கப்போகிறவர் எதற்குக் குழுவில்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

2014 முதல் பத்தாண்டுகள் மக்களவையில் அதிகாரப்பூர்வமான எதிர்க்கட்சித் தலைவரே இல்லை. அவை நடந்தது, சட்டங்கள் நிறைவேறின. 2024இல் ராகுல் காந்திக்கு அந்தப் பதவி கிடைத்தது. கேபினட் அந்தஸ்து, பங்களா தவிர வேறென்ன மாறிவிட்டது? உயர் பதவிகளுக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும் குழுக்களிலும் இரண்டுக்கு ஒன்று என்று தோற்கத்தானே போகிறார்?

கே., திருநெல்வேலி

அன்புள்ள கே.,

தோற்கத்தான் போகிறார். ஆனாலும் அவர் அங்கே இருந்தாக வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2010 செப்டம்பரில் நடந்ததைப் பாருங்கள். மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையரைத் தேர்ந்தெடுக்கப் பிரதமர் மன்மோகன் சிங், உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம், எதிர்க்கட்சித் தலைவர் சுஷ்மா சுவராஜ் மூவரும் கூடினார்கள். பட்டியலில் மூன்று பெயர்கள். பி.ஜே. தாமஸ் மட்டும் வேண்டாம் என்றார் சுஷ்மா. கேரளப் பாமாயில் இறக்குமதி வழக்கில் தாமஸ் பெயர் இருந்தது. மற்ற இருவரில் யாரானாலும் தனக்குச் சம்மதம் என்றும் சொன்னார். நீங்கள் சொன்ன அதே இரண்டுக்கு ஒன்று கணக்கில் தாமஸ் நியமிக்கப்பட்டார்.

கதை அதோடு முடியவில்லை. விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. தாமஸ்மீது நடவடிக்கை எடுக்கலாம் என்று அரசுத் துறையே முன்பு எழுதிவைத்த குறிப்புகளைக் குழு பரிசீலிக்கவே இல்லை என்று சொல்லி, 2011 மார்ச் 3 அன்று நியமனத்தை நீதிமன்றம் ரத்து செய்தது. ஒருவருடைய எதிர்ப்புக்காக நியமனம் நின்றுவிட வேண்டியதில்லை. ஆனால் எதிர்ப்பவர் காரணத்தை எழுத வேண்டும், அதை ஏற்காத பெரும்பான்மையும் தன் காரணத்தை எழுத வேண்டும் என்றது. எனக்கு அந்தத் தீர்ப்பில் மிக முக்கியமாகப் படுவது இதுதான். வெறும் தலையெண்ணிக்கையால் காரியம் முடிந்துவிடாது, பதில் சொல்லியாக வேண்டும்.

அந்த நாற்காலி காலியாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு, ஊழல் புகார்களை விசாரிக்கும் அமைப்பான லோக்பாலே சாட்சி. சட்டம் 2014 ஜனவரியில் அமலுக்கு வந்தது. முதல் லோக்பால் அமைந்தது 2019 மார்ச்சில். தேர்வுக் குழுவில் எதிர்க்கட்சித் தலைவர் வேண்டும் என்றது சட்டம், அவையிலோ அப்படி ஒருவர் இல்லை. மக்களவையில் காங்கிரஸ் தலைவராக இருந்த மல்லிகார்ஜுன கார்கேயைச் சிறப்பு அழைப்பாளராகக் கூப்பிட்டார்கள். கருத்தைப் பதிவு செய்ய உரிமை இல்லாத கூட்டத்துக்கு வரமாட்டேன் என்று அவர் மறுத்தார். சரியான மறுப்பு.

காங்கிரசுக்கு 2014இல் 44 இடங்கள், 2019இல் 52. பத்து சதவீதம், அதாவது 55 வேண்டும் என்ற பழைய அவை வழக்கத்தைக் காட்டிப் பதவி மறுக்கப்பட்டது. எதிர்க்கட்சித் தலைவர் பதவி பற்றிய 1977ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்படி ஒரு வரம்பு கிடையாது. எண்ணிக்கையில் பெரிய எதிர்க்கட்சியின் தலைவர், சபாநாயகரின் அங்கீகாரம் பெற்றவர், அவ்வளவுதான். இந்த வழக்கத்தைக் கைவிட வேண்டும். எந்தக் கட்சி ஆண்டாலும் இதைத்தான் சொல்வேன்.

அப்புறம் இன்னொன்று. 2023ஆம் ஆண்டுச் சட்டப்படி தேர்தல் ஆணையர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் பிரதமர், அவர் நியமிக்கும் ஒரு கேபினட் அமைச்சர், எதிர்க்கட்சித் தலைவர் மூவரும் இருக்கிறார்கள். அங்கே உங்கள் கணக்கு அப்பட்டமாகவே பொருந்துகிறது. 2025 பிப்ரவரியில் ராகுல் காந்தி தன் எதிர்ப்புக் குறிப்பைத் தானே வெளியிட்டதால்தான் நாம் படிக்க முடிந்தது. நியமன ஆணை வெளியாகும் அன்றே எதிர்ப்புக் குறிப்பும் அதற்கான பதிலும் சேர்ந்து வெளியாக வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும்.