ஆங்கில வகுப்பில் சொந்த அனுபவக் கட்டுரை கேட்கிறார்கள், என் வாழ்க்கையில் பெரிதாக எதுவும் நடக்கவில்லையே, எதை எழுதுவது?

பெரிதாக எதுவும் நடந்திருக்க வேண்டியதே இல்லை. நிறைய பேர் சறுக்குவது இங்கேதான், ஒரு முழு வருடத்தையோ ஒரு நீண்ட பயணத்தையோ எடுத்துக்கொண்டு 500 சொற்களுக்குள் திணிக்கப் பார்ப்பார்கள், கடைசியில் அது நாட்குறிப்பு மாதிரி ஆகிவிடும். பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்துக்கு முன்பு ஒரு மாதிரி நினைத்தீர்கள், அப்புறம் வேறு மாதிரி நினைத்தீர்கள் என்றால் அதுதான் கதை.

உதாரணத்துக்கு, "தாத்தாவுக்குக் காது கேட்காது, எனக்கு வருத்தமாக இருந்தது" என்று எழுதினால் படிப்பவர் மனதில் எதுவும் பதியாது. வீட்டில் எல்லோரும் சிரிக்கும்போது அவர் மட்டும் மற்றவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு நொடி தாமதமாகச் சிரித்தார், நீங்கள் பக்கத்தில் போய்க் காதருகே குனிந்து அதே ஜோக்கை மறுபடி சொன்னீர்கள், இந்த முறை அவர் நிஜமாகச் சிரித்தார் என்று எழுதிப் பாருங்கள். வருத்தம் என்ற சொல்லே தேவைப்படாது.

குடும்ப அறிமுகமெல்லாம் வேண்டாம், நேராக அந்தச் சிரிப்பிலேயே ஆரம்பியுங்கள். சம்பவத்தை இறந்தகாலத்தில் தொடங்கினால் அதிலேயே கொண்டுபோங்கள், பேசுபவர் மாறும்போது புதுப் பத்தி. அந்த நிமிடம் உங்களுக்கு ஏன் முக்கியம் என்பதையும் ஆசிரியர் எதிர்பார்ப்பார், அதற்கு உண்மையான இரண்டு வரி போதும், உபதேசம் வேண்டாம்.

எழுதி முடித்ததும் வாய்விட்டு வாசியுங்கள், நாக்கு தடுக்கும் இடத்தையெல்லாம் மாற்றுங்கள்.