லினக்ஸ் கெர்னல் கிராஷ் டம்ப் படிக்கும் கருவியை வேறொரு செயலிக்குக் கொண்டுபோக எங்கிருந்து தொடங்குவது?

கேட்டவர் வேலூரில் இறுதியாண்டு மாணவர். கிராஷ் டம்ப் என்பது கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) விழும்போது சேமிக்கப்படும் நினைவகப் பிரதி. எக்ஸ்86-64 (இன்டெல், ஏஎம்டி) செயலியின் டம்ப்பைப் படிக்கும் சிறு கருவி ஒன்றை நண்பர்களோடு எழுதியிருக்கிறார். இப்போது அது ரிஸ்க்-வி என்ற வேறு வகைச் செயலியின் டம்ப்பையும் படிக்க வேண்டும், முதலில் பேக்ட்ரேஸை (எந்த ஃபங்ஷன் எதை அழைத்து விழுந்த இடத்துக்கு வந்தது என்ற பட்டியலை) வரவழைக்கலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம். முகவரிக் கணக்கை முதலில் முடியுங்கள். அது சரியாகாதவரை ஸ்டாக்கில் (ஃபங்ஷன் அழைப்புகளின் விவரம் இருக்கும் நினைவகப் பகுதியில்) நீங்கள் பார்ப்பதெல்லாம் வேறு யாருடைய நினைவகமோ. இது என் உறுதியான கருத்து. நான் காட்பாடியிலிருந்து செய்வதும் இதே வேலைதான்.

டம்ப்பில் இருப்பது இயற்பியல் நினைவகம். கெர்னலின் சிம்பல்களோ (ஃபங்ஷன்கள், மாறிகளின் பெயர்கள்) காட்டுவது மெய்நிகர் முகவரிகளை. இரண்டையும் இணைக்கும் கணக்கு செயலிக்குச் செயலி மாறும், கெர்னல் பதிப்புக்குப் பதிப்பும் மாறும். நம் பக்கத்து ஆட்களுக்கு இது புதிதில்லை. ஆற்காட்டில் ஒரு வீட்டின் பழைய பத்திரத்தில் வட ஆற்காடு மாவட்டம் என்று இருக்கும், பிறகு எடுத்த ரேஷன் கார்டில் வேலூர் மாவட்டம், 2019-க்குப் பிறகு வாங்கிய சான்றிதழில் ராணிப்பேட்டை மாவட்டம். வீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. காகிதம் எந்தக் காலத்தது என்று தெரிந்தால்தான் எந்த அலுவலகத்தில் தேடுவது என்று புரியும்.

ஆர்ம்64-ஐ (ஆர்மின் 64-பிட் செயலியை) எடுத்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் 4.6 பதிப்பில் கெர்னல் இமேஜ் (கெர்னலின் சொந்த நிரலும் தரவும்) நேர்கோட்டு மேப்பிங்கை (ரேமை ஒரே மாறாத வித்தியாசத்தில் மெய்நிகர் முகவரிகளோடு இணைக்கும் பகுதியை) விட்டு வெளியே போனது. 5.4-ல் முகவரி வெளியின் இரண்டு பாதிகளும் இடம் மாறின. ரிஸ்க்-வியில் 5.13-ல் இமேஜ் தனி மேப்பிங்குக்கு நகர்ந்தது. ஆகவே ஹெடர் கோப்பிலிருந்து ஓர் எண்ணை எடுத்துக் கருவிக்குள் நிரந்தரமாக எழுதி வைத்தால், அடுத்த பதிப்பிலேயே உடைந்துவிடலாம். இதற்காகத்தான் டம்ப்புக்குள்ளேயே விஎம்கோர்இன்ஃபோ என்ற குறிப்பைக் கெர்னல் விட்டுச் செல்கிறது. எக்ஸ்86-64-ல் ஃபிஸ்_பேஸ், ஆர்ம்64-ல் கேஇமேஜ்_விஆஃப்செட், ரிஸ்க்-வியில் ஃபிஸ்_ராம்_பேஸ் என்று தேவையான எண்கள் அதில் இருக்கும். எதையும் ஊகிக்காமல் அங்கிருந்தே படியுங்கள்.

எக்ஸ்86-ல் பழகியவர்கள் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. ஒன்று, அங்கே ரேம் பூஜ்யத்தில் தொடங்கும், அதனால் ரேமின் தொடக்க முகவரியைக் கணக்கில் சேர்க்காவிட்டாலும் விடை சரியாகவே வரும். க்யூஈஎம்யு என்ற எமுலேட்டரின் ரிஸ்க்-வி 'விர்ட்' இயந்திரத்தில் ரேம் 2 ஜிபி முகவரியில் தொடங்குகிறது. அங்கே அதே நிரல் பொய் சொல்லும். இன்னொன்று பேஜ் டேபிள் (எந்த மெய்நிகர் பக்கம் எந்த இயற்பியல் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டும் அட்டவணை) பதிவு. எக்ஸ்86-64-ல் கீழ் 12 பிட்டையும் மேலே உள்ள கொடிகளையும் மறைத்தால் மிஞ்சுவதே இயற்பியல் முகவரி. ரிஸ்க்-வியில் பக்க எண் 10-ஆவது பிட்டில் தொடங்குகிறது, எனவே 10 பிட் வலது பக்கம் தள்ளி, அப்புறம் 12 பிட் இடது பக்கம் தள்ள வேண்டும். பழைய மாஸ்க்கை அப்படியே விட்டால் எல்லா முகவரியும் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காக வரும். பேஜ் டேபிள் எத்தனை அடுக்கு என்பதும் ரிஸ்க்-வியின் முகவரி முறையைப் பொறுத்து மாறும்: எஸ்வி39-க்கு 3, எஸ்வி48-க்கு 4, எஸ்வி57-க்கு 5.

சோதிப்பதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் கெர்னலின் பதிப்பைச் சொல்லும் லினக்ஸ்_பேனர் சரத்தைப் படியுங்கள். பதிப்பு எண் ஒழுங்காக வந்தால் இமேஜ் மேப்பிங் சரி. இனிட்_டாஸ்க்கின் (கெர்னலின் முதல் டாஸ்க்கின்) பெயர் 'ஸ்வாப்பர்' என்று தொடங்குகிறதா பாருங்கள், தொடங்கினால் ஸ்ட்ரக்ட் ஆஃப்செட்டுகளும் (ஸ்ட்ரக்ட்டுக்குள் ஒவ்வொரு உறுப்பும் இருக்கும் தூரமும்) சரி. அங்கிருந்து டாஸ்க் பட்டியலில் நடந்தால் நேர்கோட்டு மேப்பிங் சோதனைக்கு வரும். கடைசியாக ஒரு மாட்யூலை (கெர்னலில் தனியாக ஏற்றப்படும் துண்டை) தேடுங்கள், பேஜ் டேபிள் நடை அங்கேதான் நிரூபணமாகும். இதற்கெல்லாம் மேக்டம்ப்ஃபைல் (டம்ப்பிலிருந்து பக்கங்களை விலக்கிச் சுருக்கும் கருவி) வடிகட்டாத முழு விஎம்கோரையே (டம்ப் கோப்பையே) வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஒரு பக்கம் கிடைக்காதபோது கணக்கு தப்பா, பக்கமே டம்ப்பில் இல்லையா என்று தெரியாமல் தவிப்பீர்கள். டம்ப்பைப் படிக்கும் 'கிராஷ்' கருவியின் மூலநிரலையும் பக்கத்தில் திறந்து வையுங்கள். ஒவ்வொரு செயலிக்கும் தனி சி கோப்பு வைத்து, செயலி சார்ந்த வேலைகளை ஒரே அட்டவணையில் நிரப்பியிருப்பார்கள். நல்ல வடிவமைப்பு, தாராளமாகப் பின்பற்றலாம்.

இதெல்லாம் முடிந்தால் பேக்ட்ரேஸ். ஃபிரேம் (ஸ்டாக்கில் ஒரு ஃபங்ஷன் அழைப்புக்கான பகுதி) எங்கே என்று காட்டும் ஃபிரேம் பாயின்டர் உள்ள எக்ஸ்86-64 நிரலிலும் ஆர்ம்64-லும் ஃபிரேம் பாயின்டர் காட்டும் இடத்தில் முந்தைய ஃபிரேமும், 8 பைட் மேலே திரும்பும் முகவரியும் இருக்கும். ரிஸ்க்-வியில் திரும்பும் முகவரி 8 பைட் கீழே, முந்தைய ஃபிரேம் 16 பைட் கீழே. தவிர, எக்ஸ்86-ல் 'கால்' கட்டளையே திரும்பும் முகவரியை ஸ்டாக்கில் போட்டுவிடும். ரிஸ்க்-வியில் அது ஆர்ஏ ரெஜிஸ்டருக்குப் போகிறது, வேறு ஃபங்ஷனை அழைக்காத ஃபங்ஷன் அதை ஸ்டாக்கில் எழுதாமலே இருக்கலாம். அதனால் விழுந்த சிபியுவின் முதல் ஃபிரேமை டம்ப்பின் பிஆர்ஸ்டேட்டஸ் குறிப்பிலுள்ள ரெஜிஸ்டர்களிலிருந்தே எடுங்கள். அந்தப் பட்டியல் எக்ஸ்86-64-ல் ஆர்15-இல் தொடங்கும், ரிஸ்க்-வியில் பிசி, ஆர்ஏ, எஸ்பி என்று தொடங்கும்.